அப்டேட் நடுவில் கரண்ட் போய்விட்டது: லினக்ஸ் மின்ட்டைத் திரும்ப நிறுவினால் வைஃபை, பிரிண்டர், தமிழ் எழுத்துரு எல்லாம் பழையபடி வருமா?

#1 செவல்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது 2017-இல் வாங்கிய லேப்டாப். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா 940எம்எக்ஸும் உண்டு. லினக்ஸ் மின்ட் 20 சின்னமன் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, நேராக கரண்ட்டில்தான் ஓட்டுகிறேன்.

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டை நேற்று சாயங்காலம் கொடுத்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் கருப்புத் திரையில் வரிவரியாக ஓடி, கடைசியில் ‘கெர்னல் பேனிக்’ என்றும், ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை, ‘அன்நோன் பிளாக் 0,0’ என்றும் நின்றுவிடுகிறது.

ஆறு வருட வேலை உள்ளே இருக்கிறது. பத்திர நகல்கள், மனுக்கள், பள்ளிக்கூட வினாத்தாள்கள். எல்லாவற்றையும்விட, ஒரு பெரியவர் எழுதிக்கொடுத்த குலதெய்வக் கோயில் வரலாறு, 340 பக்கம், முக்கால்வாசி அடித்து முடித்துவிட்டேன். அது போனால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

போன தடவை ஒருவர் வந்து நிறுவிக் கொடுத்தார். வைஃபை வரவழைக்க மட்டும் இரண்டு நாள் ஆனது. இந்தத் தடவை நானே செய்ய நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 மின்மினி

அண்ணா, முதலில் ஒன்று. எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். யாராவது பென் டிரைவோடு வந்து ‘அரை மணி நேரத்தில் புதுசாகப் போட்டுத் தருகிறேன்’ என்றாலும் இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் சொல்லும் பிழையைப் பார்த்தால் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்தவுடன் டிஸ்க்கைத் திறக்க, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன தற்காலிகக் கோப்புத்தொகுதி வேண்டும். புது கெர்னல் நிறுவும்போது கடைசியில்தான் அதைக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் கரண்ட் போனால் புது கெர்னல் இருக்கும், அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் இருக்காது. டிஸ்க்கைத் திறக்க வழி தெரியாமல் கெர்னல் அங்கேயே நின்றுவிடும். ‘0,0’ என்றால் பெரும்பாலும் இதுதான்.

பழைய கெர்னல் இன்னும் டிஸ்க்கில் இருக்கும். ஆன் செய்து, கம்பெனி லோகோ மறைந்தவுடன் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், மேலே இருக்கும் புது எண்ணை விட்டுவிட்டு அடுத்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ‘ரெக்கவரி’ என்று போட்டதை எடுக்காதீர்கள், சாதாரணமானதை எடுங்கள்.

#3 செவல்காட்டான்

அக்கா, எழுந்துவிட்டது! ஆனால் டெஸ்க்டாப் வரவில்லை. கருப்புத் திரையில் லாகின் மட்டும் கேட்கிறது. பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே போகிறது. ஃபைல்களைப் பட்டியலிட்டுப் பார்த்தேன், கோயில் வரலாறு ஃபோல்டர் இருக்கிறது. இப்போதுதான் சோறு இறங்கும்.

#4 நடுச்சாமம்

அப்படியென்றால் திரும்ப நிறுவ வேண்டிய அவசியமே இல்லை. பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்துவைத்தால் போதும். நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் போட்டு, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையை ‘கன்ஃபிகர்’, ‘ஏ’ என்ற இரண்டு தெரிவுகளோடு கொடுங்கள். முடிந்ததும், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் (apt) கட்டளையில் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ தெரிவோடு ஒரு இன்ஸ்டால். பிறகு ரீஸ்டார்ட். பத்து நிமிட வேலை.

எதற்கெடுத்தாலும் ஃபார்மேட் செய்வது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் உடைந்ததைப் பழுதுபார்க்கலாம். ஒருமுறை பழுதுபார்த்துக் கற்றுக்கொண்டால் பத்து வருடத்துக்கு உதவும்.

#5 ஓலைச்சுவடி

நடுச்சாமம் தம்பி சொன்ன கட்டளை சரி. செய்துவிடுங்கள். ஆனால் ‘திரும்ப நிறுவ அவசியமில்லை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்ட் 20 என்பது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 20.04 பதிப்பின் மேல் கட்டியது. அதற்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. கடைக்காரர் வங்கிப் பக்கம் திறப்பார், யார் யாரோ கொண்டுவரும் பென் டிரைவைச் செருகுவார். பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தில் அந்த வேலை கூடாது.

20-இலிருந்து 22-க்கு நேராகத் தாவவும் முடியாது. 20.3, அங்கிருந்து 21, அப்புறம் 21.3, அப்புறம்தான் 22. பேட்டரி இல்லாத லேப்டாப்பில் இத்தனை படிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள். எந்தப் படியில் கரண்ட் போனாலும் மறுபடி இதே கதைதான். மின்ட் 22 உபுண்டு 24.04-இன் மேல் நிற்பது, 2029 வரை ஆதரவு உண்டு. சுத்தமாக நிறுவுவது இங்கே புத்திசாலித்தனம்.

ஆகவே இப்போது பழுதுபார்ப்பது சிஸ்டத்தைக் காப்பாற்ற அல்ல. உள்ளே இருப்பதை நிதானமாக, டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ள.

#6 நடுச்சாமம்

மின்ட் 20 என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், ஐயா. ஆதரவு முடிந்தது உண்மை. என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழுதுபார்த்துவிட்டு நகலெடுப்போம்.

#7 செவல்காட்டான்

இரண்டு கட்டளையும் கொடுத்தேன். முதலாவது ஏழெட்டு நிமிடம் ஓடியது. ரீஸ்டார்ட் செய்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. சரி, இப்போது ஹோம் ஃபோல்டரை 32 ஜிபி பென் டிரைவில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கட்டுமா?

#8 ஓலைச்சுவடி

பொறுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நான் 2009-இலிருந்து கூட்டுறவு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸ் நிறுவிக்கொடுத்து வருகிறேன். ஹோமை நகலெடுத்துவிட்டு நிம்மதியாக ஃபார்மேட் செய்து, மறுநாள் ‘அந்த எழுத்துரு எங்கே’ என்று தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடையில் பாமினியும் வானவில்லும் கட்டாயம் இருக்கும், இல்லையா? பழைய வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறந்தவுடன் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அவற்றை முன்பு நிறுவியவர் எங்கே போட்டார் என்று பாருங்கள். ஹோமுக்குள் ‘.ஃபான்ட்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டரில் போட்டிருந்தால் ஹோமோடு வந்துவிடும். ‘யூஎஸ்ஆர்’ உள்ளே ‘ஷேர்’, அதற்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற பொது இடத்தில் போட்டிருந்தால் சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியை ஃபார்மேட் செய்யும் நொடியில் போய்விடும். அதேபோல ‘இடிசி’ ஃபோல்டர் முழுவதையும் ஒரு நகல் எடுங்கள். பிரிண்டர் அமைப்பு, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். ‘ஆப்ட்’ (opt, முன்பு சொன்ன கட்டளை அல்ல) என்ற பெயரில் ரூட்டில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் கையால் நிறுவிய மென்பொருள் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஹோமில் கண்ட்ரோல்-எச் அழுத்தினால்தான் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் தெரியும். ஃபயர்ஃபாக்ஸின் பாஸ்வேர்டுகள், தண்டர்பேர்டின் மெயில்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் இழுத்துப்போட்டால் இவை விட்டுப்போகும்.

அடுத்து பென் டிரைவ். கடையில் வாங்கும் 32 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32-இல் வரும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. லினக்ஸின் உரிமை விவரங்களும் அதில் நிற்காது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இரவல் வாங்குங்கள். எஸ்எஸ்டியின் உடல்நிலையையும் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தாளில் எழுதுங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘என்என்கே’ தெரிவோடு கொடுத்தால், உள்ளே என்னென்ன சில்லுகள், அவற்றின் எண் என்ன, இப்போது எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று மூன்றும் வரும். இன்றைக்கு எல்லாம் வேலை செய்கிறது. வேலை செய்யும்போது எழுதிவைத்தால் நாளைக்குத் தேட வேண்டாம். போன தடவை வைஃபைக்கு இரண்டு நாள் ஆனதற்குக் காரணம் அந்தச் சீட்டு இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

#9 செவல்காட்டான்

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். எழுத்துருக்கள் பொது இடத்தில்தான் இருக்கின்றன, 63 ஃபைல்! நான் நேற்று இரவே ஃபார்மேட் செய்திருந்தால் பழைய மனு ஒன்றைக்கூடப் படித்திருக்க முடியாது. எல்லாவற்றையும் மைத்துனரின் ஹார்ட் டிஸ்க்கில் போட்டாயிற்று. எஸ்எஸ்டி நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது.

தாளில் எழுதியது: கிராபிக்ஸ் இரண்டு, இன்டெல் 8086 என்று தொடங்குவது, என்விடியா 10டிஇ என்று தொடங்குவது. வைஃபை, பிராட்காம் பிசிஎம்43142, எண் 14இ4:4365, ஓட்டும் டிரைவர் ‘டபிள்யூஎல்’. கேபிள் நெட்வொர்க் ரியல்டெக்.

டிஸ்க்கில் மூன்று பகுதிகள்: எஸ்டிஏ1 512 எம்பி, எஸ்டிஏ2 50 ஜிபி, எஸ்டிஏ3 மீதி. மூன்றாவதுதான் ஹோம் என்று காட்டுகிறது.

#10 மின்மினி

ஹோம் தனிப் பகுதியாக இருக்கிறது! நிறுவிக்கொடுத்தவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார்.

வைஃபை விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. உங்கள் இன்டெல் கிராபிக்ஸ், ரியல்டெக் கேபிள், சவுண்டு, டச்பேட் எதற்கும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். விண்டோஸ் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சிடி தேட வேண்டியதில்லை. ஆனால் 43142 சில்லுக்கான ‘டபிள்யூஎல்’ டிரைவரின் ஒரு பகுதிக்கு மூலநிரல் திறந்ததல்ல. அதனால் கெர்னலுக்குள் அது சேராது, தனிப் பேக்கேஜாகத்தான் வரும். மின்ட்டில் அதன் பெயர் ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’. இதில் டிகேஎம்எஸ் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கெர்னலுக்கு ஏற்ற மாட்யூலை (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. கெர்னல் மாறும்போதெல்லாம் திரும்பக் கட்டும். அதற்கு கெர்னல் ஹெடர் பேக்கேஜ் வேண்டும், அதை மட்டும் இடம் மிச்சம் செய்கிறேன் என்று யாரும் நீக்கிவிடக் கூடாது.

நெட் இருந்தால்தான் வைஃபை டிரைவர் இறக்கலாம், வைஃபை இருந்தால்தான் நெட். இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். நெட்டே இல்லையென்றாலும், நிறுவ வைத்திருந்த பென் டிரைவையே செருகி டிரைவர் மேனேஜரிடம் காட்டினால் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-இல் அவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, திறந்த உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் (சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல்) அதிகாரபூர்வ நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பல வைஃபை அட்டைகள் நிறுவும்போதே எழுந்துவிடுகின்றன. ஆனால் ஃபர்ம்வேர் வேறு, டிரைவர் வேறு. 43142-க்கு டெபியனிலும் அந்தத் தனிப் பேக்கேஜ் வேண்டும்.

#11 கொழும்புத்துறை

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் என்ர மடிக்கணினியில் அதே பிராட்காம் சில்லுதான், மின்மினி அக்கா சொன்ன முறை சரிவரும். மின்ட் 22-இல்தான் இப்ப இதை எழுதுறன்.

மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கினவுடனே பென் டிரைவில் எழுதிப்போடாதேங்கோ. கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ256 கூட்டைச் சரிபாருங்கோ. இது சும்மா சம்பிரதாயம் இல்லை. 2016 பெப்ரவரியில் மின்ட்டின் இணையத்தளத்துக்குள் ஆரோ புகுந்து, 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவுக்கான இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் குழுவே உடனே அறிவித்தவை. சரிபார்த்தவர்கள் தப்பினார்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு, இறக்கும்போது இணைப்பு அறுந்து பழுதாகவும் வாய்ப்பு உண்டு. இரண்டு நிமிட வேலை.

நிறுவும்போது ‘முழு டிஸ்க்கையும் அழி’ என்பதைத் தொடாதேங்கோ. கடைசியில் இருக்கும் ‘சம்திங் எல்ஸ்’ என்பதை எடுங்கோ. எஸ்டிஏ1 கணினி எழத் தேவையான இஎஃப்ஐ பகுதி, ஃபார்மேட் வேண்டாம். எஸ்டிஏ2-க்கு வகை எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு), மவுன்ட் இடம் வெறும் சாய்கோடு, ஃபார்மேட் குறி போடுங்கோ. எஸ்டிஏ3-உம் எக்ஸ்ட்4, மவுன்ட் இடம் ஹோம், ஃபார்மேட் குறி போடக் கூடாது. ‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தினால் எதையெல்லாம் ஃபார்மேட் செய்யப்போகிறது எண்டு ஒரு பெட்டி காட்டும். அதை ஆறுதலாக வாசியுங்கோ. அதில் எஸ்டிஏ3 இருந்தால் பின்னுக்குப் போங்கோ.

#12 செவல்காட்டான்

பக்கத்துக் கடை யுபிஎஸ்ஸை இரவல் வாங்கிவைத்து நிறுவினேன். 25 நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெட்டியை மூன்று முறை படித்தேன், எஸ்டிஏ2 மட்டும்தான் இருந்தது.

ஆனால் உள்ளே வந்தால் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது. டாகுமென்ட்ஸிலும் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் நகல் இருக்கிறது, அதனால் பயமில்லை. ஆனாலும் எங்கே போயிற்று?

#13 நடுச்சாமம்

பயனர் பெயராகப் பழைய பெயரையே கொடுத்தீர்களா?

#14 செவல்காட்டான்

இல்லை. முன்பு நிறுவியவர் கடைப் பெயரை வைத்திருந்தார். இப்போது என் பெயரைக் கொடுத்தேன்.

#15 நடுச்சாமம்

அதுதான். எதுவும் போகவில்லை. ‘ஃபைல் சிஸ்டம்’ போய், ‘ஹோம்’ ஃபோல்டரைத் திறங்கள். அங்கே கடைப் பெயரில் பழைய ஃபோல்டர் பத்திரமாக இருக்கும், பக்கத்தில் உங்கள் பெயரில் புதுசு. லினக்ஸ் பெயரை வைத்து ஃபோல்டரைத் தேடுகிறது, எண்ணை வைத்து உரிமையைப் பார்க்கிறது. மின்ட்டில் முதல் பயனருக்கு எப்போதும் 1000 என்ற எண். பழைய கடைப் பயனரும் 1000, நீங்களும் 1000. ஆகவே அந்த ஃபைல்கள் ஏற்கெனவே உங்களுடையவைதான்.

இரண்டு வழி உண்டு. ஃபைல்களை மட்டும் புது ஃபோல்டருக்கு நகர்த்தலாம். அல்லது கடைப் பெயரிலேயே திரும்ப நிறுவலாம். நான் முதல் வழியைச் சொல்வேன். பழைய சின்னமன் அமைப்புகள் புதுப் பதிப்போடு சில நேரம் ஒத்துவராது. டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், படங்கள், ஃபயர்ஃபாக்ஸின் மறைந்த ஃபோல்டர், இவை போதும். மற்ற புள்ளி ஃபோல்டர்கள் அங்கேயே கிடக்கட்டும், ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

#16 செவல்காட்டான்

இருக்கிறது! எல்லாம் இருக்கிறது. நகர்த்திவிட்டேன்.

அடுத்த சிக்கல். போனைச் செருகி, டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவும்போது ‘செக்யூர் பூட்’ என்று ஏதோ சொல்லி ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்தது. என்னவென்று படிப்பதற்குள் போய்விட்டது. வைஃபை வரவில்லை.

#17 மின்மினி

அந்த நீலத் திரைதான் முக்கியம், அண்ணா. பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கையொப்பம் இல்லாத மாட்யூலை கெர்னல் ஏற்றாது. மின்ட்டில் வரும் கெர்னலுக்கு உபுண்டுகாரர்கள் கையொப்பம் போட்டுத் தருகிறார்கள். ஆனால் டிகேஎம்எஸ் உங்கள் கணினியில் கட்டிய மாட்யூலுக்கு யார் கையொப்பம் போடுவது? உங்கள் கணினியே ஒரு சாவி உண்டாக்கிப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தத் திரை. பத்து நொடிக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும், சாவி சேராது.

திரும்ப வரவழைக்க, டெர்மினலில் சூடோவோடு மோக்யூட்டில் கட்டளையை ‘இம்போர்ட்’ தெரிவோடு கொடுத்து, ‘வார், லிப், ஷிம்-சைன்டு, மோக்’ என்ற வரிசையில் உள்ள ஃபோல்டரின் ‘மோக்.டெர்’ ஃபைலைக் காட்டுங்கள். புதிதாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எட்டு எழுத்து, எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தாகக் கொடுங்கள். சிறப்புக் குறிகள் வேண்டாம், அந்த நீலத் திரையில் கீபோர்டு அமைப்பு வேறாக இருக்கலாம். ரீஸ்டார்ட் செய்து, திரை வந்தவுடன் ஏதாவது ஒரு விசை. ‘என்ரோல் மோக்’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்டு, ‘ரீபூட்’. ஒருமுறை செய்தால் போதும், டிகேஎம்எஸ் இனிமேல் கட்டும் எல்லா மாட்யூலுக்கும் அதே சாவிதான்.

#18 நடுச்சாமம்

பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால் இதெல்லாம் வேண்டாமே? தனி லினக்ஸ் மட்டும்தானே இருக்கிறது.

#19 மின்மினி

ஆஃப் செய்தாலும் வேலை செய்யும், தப்பில்லை. எங்கள் பள்ளி லேபில் பழைய கணினிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பலரும் கைவைக்கும் கடைக் கணினி இது, இருக்கிற ஒரு பூட்டை எதற்குக் கழற்ற வேண்டும்? ஐந்து நிமிட வேலைதான்.

#20 செவல்காட்டான்

நீலத் திரை வந்தது, சேர்த்துவிட்டேன். வைஃபை வந்துவிட்டது! போன தடவை இரண்டு நாள், இந்தத் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

டிரைவர் மேனேஜரில் என்விடியாவுக்கும் 535 என்று ஒன்றைப் ‘பரிந்துரை’ என்று காட்டுகிறது. அதையும் போட்டுவிடவா?

#21 ஓலைச்சுவடி

வேண்டாம். நீங்கள் செய்வது தட்டச்சும் பிரிண்ட்டும். இன்டெல் கிராபிக்ஸ் அதற்குத் தாராளம், அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. என்விடியா சில்லை நூவோ என்ற திறந்த டிரைவர் பார்த்துக்கொள்ளும், வேலையில்லாதபோது தூங்கவைக்கும். தனி டிரைவரைப் போட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று கூடும். வைஃபைக்கு வேறு வழியில்லை, போட்டோம். இதற்கு வழி இருக்கிறது.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்று வேலை செய்பவர்கள் போடட்டும். அவர்களும் அட்டையின் தலைமுறையைப் பார்த்துப் போட வேண்டும். 600, 700 வரிசையில் உள்ள கெப்ளர் அட்டைகளுக்கு 470-தான் கடைசி, அதற்கும் முந்திய ஃபெர்மிக்கு 390-தான் கடைசி. புதுசு நல்லது என்று எண்ணில் பெரியதைப் போட்டால் கருப்புத் திரைதான் வரும்.

#22 செவல்காட்டான்

சரி ஐயா, விட்டுவிட்டேன். பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 1020. செருகியவுடன் பெயர் காட்டுகிறது. பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, தாள் நகரவில்லை.

#23 மின்மினி

1020-க்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். எச்பிஎல்ஐபி பேக்கேஜ் மின்ட்டிலேயே இருக்கிறது, ஆனால் அந்த ஃபர்ம்வேர் தனி ப்ளகினாக வருகிறது. பிரிண்டரை ஆஃப் செய்து, டெர்மினலில் ‘எச்பி-ப்ளகின்’ என்று கொடுங்கள். இறக்கி நிறுவச் சம்மதம் கேட்கும். முடிந்ததும் பிரிண்டரை ஆன் செய்தால் ஒரு சின்ன உறுமல் கேட்கும், அது ஃபர்ம்வேர் ஏறிய சத்தம். எச்பிஎல்ஐபியின் பதிப்பு மாறினால் ப்ளகினையும் திரும்பப் போட வேண்டும், ஏனென்றால் இரண்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

#24 கொழும்புத்துறை

தமிழ் தட்டச்சுக்கு என்ன பாவிக்கிறீங்கள்? விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாக இருக்கும் தமிழ்99-ஐ எடுத்தால் ஒரு விசைக்கு ஒரு எழுத்துத்தான், புள்ளி தானாக விழாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும், அதற்கான விசைப்பலகைகள் உள்ள எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99 முறைப்படி வேலை செய்யும். அதே பட்டியலில் எங்கட ரங்கநாதன் விசைப்பலகையும் இருக்கு, நான் அதில்தான் எழுதுறன்.

#25 செவல்காட்டான்

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன். விரல் பழைய தட்டச்சு இயந்திரத்தின் முறையில்தான் ஓடும். எம்17என் பட்டியலில் ‘டைப்ரைட்டர்’ என்றும் ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். முதல் வரி அடிக்கும்போதே கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

எழுத்துருக்களை 63-ஐயும் இந்தத் தடவை ஹோமுக்குள் ‘.ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரிலேயே போட்டேன். ‘இடிசி’ நகலையும் கடைப் பெயரில் உள்ள பழைய ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். எல்எஸ்பிசிஐ சீட்டை லாமினேட் செய்து லேப்டாப் பையில் வைத்தாயிற்று, கடையில் அந்த மெஷின் இருக்கிறதே. பின்பக்கத்தில் ‘மோக்’ வரிசையையும் ‘எச்பி-ப்ளகின்’ கட்டளையையும் எழுதியிருக்கிறேன்.

பிரிண்டர் உறுமியது. கோயில் வரலாற்றின் முதல் இருபது பக்கத்தைச் சோதனைக்கு எடுத்தேன். பாமினியில் இருந்த பழைய பகுதியும் யூனிகோடில் இருந்த புதுப் பகுதியும் சரியாக வந்தன. பெரியவர் கடைக்கு வந்து, நின்றபடியே நாலு பக்கம் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் பூசாரி பெயரில் ஒரு ‘ழ’ தப்பாக இருக்கிறது என்று திருத்தச் சொன்னார். அது நான் அடித்ததிலேயே இருந்த தப்பு.

நாளைக்கு மதுரை போகிறேன், பேட்டரி வாங்க. அதைக் கழற்றி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தேன், வோல்ட் 14.8 என்று போட்டிருக்கிறது. கடையில் 11.1 கொடுத்தால் வாங்கக் கூடாது, சரிதானே?

#26 நடுச்சாமம்

வாங்கக் கூடாது, அண்ணே. 14.8 என்றால் நான்கு செல், 11.1 என்றால் மூன்று செல் தொடராக இருப்பது. ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், பழைய பேட்டரியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.